காட்டுகிற கொக்கி, இழுக்கிற கொக்கி

ஞாயிற்றுக்கிழமை காலை தங்கச்சி அனுப்பிய போட்டோவைப் பார்த்ததிலிருந்து பட்டறைக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. போட்டோவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜீப்புக்கு முன்னால் தங்கச்சி நிற்கிறாள், பக்கத்தில் அவள் வீட்டுக்காரர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார், பின்னால் வெள்ளை மணலும் கொஞ்சம் தண்ணீரும். 'இன்னிக்கு ஆத்துல இறங்கப் போறோம்ணே' என்று கீழே எழுதியிருந்தாள். அவர் கண் இரண்டு பேரையும் விட்டுவிட்டு ஜீப்பின் பம்பருக்குப் போனது. பம்பரில் இரண்டு சிவப்புக் கொக்கிகள். பானட்டின் மேல் புதுக்கருக்குக் கலையாத மஞ்சள் பட்டை ஒன்று சுருட்டி வைத்திருந்தது. சேற்றிலோ மணலிலோ சிக்கிய வண்டியை இன்னொரு வண்டியோடு கட்டி இழுக்கிற பட்டை அது.

அந்தக் கொக்கிகளைப் போட்டவர் அவர்தான். எட்டு மாதத்துக்கு முன்னால் சொந்தப் பட்டறையில், தங்கச்சி மாப்பிள்ளைக்கு என்று சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. பார்த்தால் யானையைக் கட்டி இழுக்கலாம் போலிருக்கும். ஆனால் அவை பிடித்திருப்பது பம்பரின் மெல்லிய தகட்டில், ஒவ்வொன்றும் இரண்டே இரண்டு சின்ன போல்ட்டில். ஒரு சாக்கு மூட்டையை இழுக்கக்கூட அவற்றை நம்ப முடியாது.

இழுக்கிற பட்டை சாதாரணக் கயிறு இல்லை. ரப்பர் மாதிரி நீண்டு கொடுத்து, பிறகு சுண்டி இழுக்கும். கொக்கி வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் பிடித்திருந்தால் சிக்கிய வண்டி வெளியே வரும். தகட்டில் பிடித்திருந்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும், கொக்கி மட்டும் பிய்த்துக்கொண்டு எதிர் வண்டிக்குப் பறந்து போகும். போகிற வேகத்தில் கண்ணாடி, கதவு, மண்டை என்று எதையும் பார்க்காது. அப்படிப் பறந்த கொக்கி ஒன்றை அவரே கடப்பாரை போட்டு நெம்பி எடுத்திருக்கிறார், எங்கிருந்தோ வந்த ஒரு வண்டியின் பின்சீட்டுத் தலையணைக்குள்ளிருந்து. அன்றைக்கு அந்தச் சீட்டில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

போன் போட்டார். தங்கச்சியின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. மாப்பிள்ளையின் போனும் அங்கேதான் இருந்தது. மறுபடி போட்டார். எழுந்து வாசல்வரை போனார், திரும்பி வந்தார், சட்டையை மாட்டினார், ஒரு கை உள்ளே போகாமல் சண்டித்தனம் செய்தது.

"என்ன, காலங்காத்தால குட்டி போட்ட பூனையாட்டம்?" என்றாள் மனைவி.

"தங்கச்சி ஆத்துக்குப் போயிருக்கா. ஜீப்பை எடுத்துக்கிட்டு."

"போகட்டுமே. நீங்க பார்த்துப் பார்த்துப் போட்டுக் கொடுத்த வண்டி. அப்புறம் என்ன பயம்?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பட்டறைக்காரர் தொழிலில் கெட்டிக்காரர். அதை ஊரே சொல்லும், ஊர் சொல்லாத நாட்களில் அவரே சொல்லுவார். மண்ணிலும் மலையிலும் ஓடுகிற வண்டிகளுக்கு வேண்டியதை மாட்டிக் கொடுப்பது வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதில் ஒரு பழக்கம் வைத்திருந்தார். வண்டி வந்து நின்றதும் ஆளிடம் பேச்சுக் கொடுக்கமாட்டார். நேரே ஓட்டுகிறவர் பக்கக் கதவைத் திறந்து, காலடியில் கிடக்கும் ரப்பர் மேட்டைத் தூக்கிப் பார்ப்பார். அடியில் மணலும் காய்ந்த சேறும் இருந்தால் அவன் நிஜமாகவே மண்ணில் இறங்குகிற ஆள். துடைத்து வைத்த மாதிரி இருந்தால், அதிலும் ஷாம்பு வாசனை வேறு வந்தால், அவன் தார் ரோட்டைத் தாண்டாத ஆள். மேட்டைப் போட்டுவிட்டு உள்ளே திரும்பி ஒரே ஒரு சொல் சொல்லுவார். "இழுக்குறது" என்றால் வேலையாட்கள் பம்பரைக் கழற்றி சேஸிஸில் கெட்டியான கொக்கி பொருத்துவார்கள், ஒரு நாள் வேலை. "காட்டுறது" என்றால் தகட்டில் இரண்டு ஓட்டை, இரண்டு போல்ட், டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். இரண்டுக்கும் ஒரே சிவப்புப் பெயிண்ட். வண்டிக்காரரிடம் எதுவும் கேட்பதில்லை, சொல்வதும் இல்லை. போட்டோ எடுத்துக்கொள்ளப் போகிறவனுக்கு எதற்கு சேஸிஸ் என்பது அவர் கட்சி.

மாப்பிள்ளை மருந்துக்கடை வைத்திருக்கிறார். சாந்தமான மனிதர். இருமல் மருந்து வாங்க வந்தால்கூட பாட்டிலோடு வரும் சீட்டை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். அவர் ஒரு பழைய ஜீப்பை வாங்கிக்கொண்டு வந்து நின்றபோது பட்டறையே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மேட்டைத் தூக்கிப் பார்த்தார் பட்டறைக்காரர். ஒரு பொட்டு மண் இல்லை. "காட்டுறது" என்று குரல் கொடுத்துவிட்டு, "மாப்ளே, உள்ள வாங்க, ஃபேன் காத்துல உக்காருங்க" என்று உபசாரம் செய்தார்.

இப்போது அந்த உபசாரத்தை நினைக்க நினைக்க அவர் கால் ஆக்ஸிலேட்டரில் அழுந்தியது. வண்டி ஓடிக்கொண்டிருந்தால் கொஞ்சம் தேவலை. சிக்னலில் நின்றால் தாங்கவில்லை. தங்கச்சிக்கு ஒரு பழக்கம் உண்டு. எது நடந்தாலும் போனைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் போய் நின்று வீடியோ எடுப்பாள். கல்யாண வீட்டில் பரவாயில்லை. இறுகிக்கொண்டிருக்கிற பட்டைக்குப் பக்கத்தில் நின்று எடுத்தால் என்ன ஆகும் என்பதை அவர் நினைக்காமலிருக்கப் பார்த்தார், அதுவே திரும்பத் திரும்ப வந்தது.

ஊர் எல்லையில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கறுப்பு ஜீப் வந்து உரசாத குறையாக நின்றது. கூரைமேல் நீளமாக ஒரு விளக்கு வரிசை, பக்கவாட்டில் தும்பிக்கை மாதிரி காற்றுக்குழாய், பின்னால் ஏணி, மேலே இரும்புக்கூடை.

"அண்ணே! நீங்க போட்ட லைட்டுதான். ராத்திரில ரோடே பகல் மாதிரி ஆயிடுதுண்ணே!" என்று கத்தினான் உள்ளே இருந்தவன்.

எதிரில் வருகிறவனுக்கும் கண் பகல் மாதிரி ஆகிவிடும், பிறகு ஒன்றும் தெரியாது என்று சொல்ல வேண்டியதுதானே? இவர் தலையை ஆட்டினார். அந்த வண்டிக்குக் காற்றுக்குழாய் எதற்கு? அது இடுப்பளவு தண்ணீரில் இறங்குகிறவனுக்கு. கூரைக் கூடை எதற்கு? மேலே கனம் ஏற ஏற, வண்டி சரிவில் சாய்கிற ஆசையும் ஏறும். சிக்கிய வண்டி தன்னைத் தானே கம்பியால் இழுத்துக்கொள்கிற வின்ச் வேறு வைத்திருக்கிறான். துணையில்லாமல் தனியாகக் காட்டுக்குப் போகிறவனுக்கு அது வேண்டும்தான், இவன் வீட்டு வாசலுக்குத் தனியாகப் போனாலே பெரிது.

வண்டிக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால் பட்டறைக்காரர் மூச்சு விடாமல் சொல்லுவார். முதலில் நல்ல டயர். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். டயரில் காற்றைக் குறைக்கத் தெரிய வேண்டும், திரும்ப அடைக்க ஒரு சின்ன கம்ப்ரஸர் வேண்டும். முன்னாலும் பின்னாலும் சேஸிஸில் பிடித்த கொக்கி வேண்டும், அதில் மாட்ட ஒரு பட்டை. ஒரு மண்வெட்டி. கல்லில் ஓட்டுகிறவராக இருந்தால் என்ஜினுக்கு அடியில் ஒரு இரும்புத் தகடு. இவ்வளவுதான், மிச்சமெல்லாம் நகை. ஆனால் இந்தப் பேச்சை அவர் எல்லாரிடமும் பேசுவதில்லை. மேட்டுக்கடியில் மண் இருந்தவர்களிடம் மட்டும் பேசுவார். மற்றவர்களுக்கு நகையை மாட்டி அனுப்பிவிடுவார்.

கறுப்பு ஜீப்பின் பம்பரிலும் இரண்டு சிவப்புக் கொக்கிகள் இருந்தன. அதுவும் காட்டுறதுதான், அவருக்கு நன்றாக நினைவிருந்தது. கதவைத் திறந்து இறங்கி, தம்பி அதை நம்பாதே என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று தோன்றியது. ரயில் போயிற்று, கேட் திறந்தது, பின்னால் ஹாரன் அடித்தார்கள். வாயைத் திறக்காமல் கியரைப் போட்டார். இப்போது தங்கச்சிதான் முக்கியம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

செங்கல் சூளைகளைத் தாண்டி இடதுபக்கம் திரும்பினால் ஆற்றுக்கு மண்பாதை. அந்த ஜீப் கூட்டம் எங்கே கூடும் என்று அவருக்குத் தெரியும். பாதி டவுனுக்கு வேலை செய்தவர், தெரியாமலா போகும்? சூளைப் பக்கம் ஒரு லாரி பாதையை அடைத்துக்கொண்டு செங்கல் ஏற்றிக்கொண்டிருந்தது. இறங்கி கையைக் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார். அவர்கள் அவசரமே இல்லாமல் கடைசி வரிசையை அடுக்கிவிட்டுத்தான் நகர்த்தினார்கள்.

ஆற்று மணல் தொடங்கும் இடத்தில் ஏழெட்டு வண்டிகள் போன தடம் தெரிந்தது. அந்தத் தடத்திலேயே வேகமாக விட்டார். நாற்பது அடி போயிருக்காது, பின்சக்கரம் இரண்டும் மணலைத் தோண்டிக்கொண்டு உள்ளே இறங்கி உட்கார்ந்துவிட்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தார், இன்னும் நன்றாக உட்கார்ந்தது. இறங்கிப் பார்த்தார். டயர்கள் தார் ரோட்டுக் காற்றோடு கல்லு மாதிரி நின்றன. மணலில் இறங்குகிறதுக்கு முன்னால் காற்றைக் குறைக்க வேண்டும் என்று இருபத்திரண்டு வருஷமாக ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மகானுபாவர். வேறு நாளாக இருந்தால் அவருக்கே சிரிப்பு வந்திருக்கும். வண்டியை அப்படியே விட்டுவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார்.

ஐம்பது வயதில் மணலில் ஓடுவது ஓட்டத்தில் சேர்த்தி இல்லை. இரண்டு அடி வைத்தால் ஒரு அடி பின்னால் போனது. நாணல் புதர்களைத் தாண்டியதும் வண்டிகள் தெரிந்தன. வரிசையாக ஆறு நின்றன, இன்னும் இரண்டு தண்ணீருக்குப் பக்கத்தில். யாரும் ஓடவில்லை, யாரும் அழவில்லை. ஒருவர் தர்பூசணி வெட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் அவர் ஓட்டத்தை விட்டு நடக்க ஆரம்பித்தார்.

மரத்தடியில் மடக்கு நாற்காலி போட்டு மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். மடியில் பிளாஸ்க், காலுக்கருகில் ஸ்பேனர் பை.

"மச்சான்? நீங்களா? என்ன இது, செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு?"

"மாப்ளே, அந்தக் கொக்கி... அதுல எதையும் மாட்டாதீங்க. முன்னாடியும் வேணாம், பின்னாடியும் வேணாம்."

"முதல்ல உக்காருங்க. மூச்சு வாங்குது பாருங்க. இந்தாங்க, தண்ணி."

"கொக்கி டம்மி மாப்ளே! தகட்டுல நிக்குது!"

"தெரியும்" என்றார் மாப்பிள்ளை.

பட்டறைக்காரர் தம்ளரை வாங்கியது வாங்கியபடி நின்றார்.

"பட்டை வாங்கினேன்ல, அதுக்குள்ள ஒரு சீட்டு இருந்துச்சு" என்று மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார். "மாட்டுறதுக்கு முன்னாடி கொக்கி எதுல பிடிச்சிருக்குன்னு குனிஞ்சு பாருன்னு போட்டிருந்துச்சு. நான்தான் சீட்டுன்னா விடமாட்டேனே. வண்டிக்கு அடியில படுத்துப் பார்த்தேன். ரெண்டு போல்ட்டு. அது ஆச்சு, மூணு மாசம். லாரி பட்டறையில சொல்லி சேஸிஸ்ல வேற போட்டுட்டேன். அதே சிவப்பு பெயிண்டைத் தேடிப்பிடிச்சு அடிச்சேன், யாருக்கும் வித்தியாசம் தெரியக் கூடாதுன்னு. உங்க தங்கச்சிக்கும் தெரியாது."

"ஏன் மாப்ளே என்கிட்ட கேக்கல?"

"கேட்டா ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருப்பீங்க. நீங்க பொய் சொல்றதை நான் எதிர்ல உக்காந்து கேக்கணும். அது வேணாம்னு தோணுச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் பட்டறைக்காரர் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பார். மருந்தை எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்கிற அதே குரலில் சொன்னதுதான் அவரைக் கூனிக்குறுக வைத்தது. தங்கச்சி உயிரோடு இருக்கிறாள் என்ற நிம்மதியை அனுபவிக்கக்கூட முடியவில்லை.

"மேட்டைத் தூக்கிப் பார்த்தேன்" என்றார். "ஒரு பொட்டு மண்ணு இல்ல. நீங்க எங்க மண்ணுல இறங்கப் போறீங்கன்னு..."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க பட்டறைக்கு வர்றதுன்னா முந்தின நாள் பூரா ரெண்டு பேரும் உக்காந்து கழுவுவோம் மச்சான். அண்ணன் முன்னாடி அழுக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தக் கூடாதுன்னு அவ ஒரே பிடிவாதம். எல்லாரும் அப்படித்தானே? டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி குளிக்கிறதில்லையா?"

எல்லாரும் அப்படித்தானே. அந்தச் சொல் உள்ளே போய் விழுந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை மேட்டைத் தூக்கியிருப்பார்? மரியாதைக்குக் கழுவிக் கொண்டுவந்தவனுக்கெல்லாம் டம்மி, கழுவச் சோம்பல்பட்டவனுக்கெல்லாம் அசல்.

மாப்பிள்ளை பிளாஸ்க்கை மூடினார். பிறகு, இத்தனை நேரம் கேட்க வேண்டாமென்று வைத்திருந்ததைக் கேட்கிற மாதிரி, கீழே பார்த்துக்கொண்டு கேட்டார். "எனக்கு மட்டும்தானே மச்சான் இப்படிப் பண்ணீங்க? இவன் சும்மா வேடிக்கைக்கு வர்ற ஆளுன்னு?"

ஆமாம் என்று சொன்னால் இவரை நேருக்கு நேர் அவமானப்படுத்தியது ஆகும். ஆனால் விஷயம் இந்த மரத்தடியோடு முடிந்துவிடும், பட்டறையின் பேர் பிழைத்துக்கொள்ளும். இல்லை என்று சொன்னால் தர்பூசணி தின்றுகொண்டிருக்கிற அத்தனை பேரிடமும் போய் நிற்க வேண்டும். சொல்ல வெட்கமான விஷயம், ஆனால் அவர் வாய் முதலில் எடுத்தது 'ஆமாம்' என்பதைத்தான்.

"ஆமா மாப்ளே. உங்களுக்கு மட்டும்..."

அப்போது தண்ணீர்ப் பக்கமிருந்து என்ஜின் உறுமியது. இருவரும் திரும்பினார்கள். ஓரச் சேற்றில் ஒரு பச்சை ஜீப் பம்பர் வரைக்கும் அமுங்கிக் கிடந்தது. அதன் பம்பரில் சிவப்புக் கொக்கி. அதிலிருந்து மஞ்சள் பட்டை மணலில் வளைந்து வளைந்து இன்னொரு ஜீப்பின் பின்பக்கத்துக்குப் போனது. அந்த இன்னொரு ஜீப் மாப்பிள்ளையுடையது.

பச்சை ஜீப் பல் டாக்டரம்மாவுடையது. பட்டறைக்காரருக்கு நன்றாகத் தெரியும். மேட்டைத் தூக்கியபோது ரோஜா வாசனை வந்தது என்று பட்டறையே ஒரு வாரம் சிரித்தது.

"உங்க வண்டியை யார் ஓட்டுறது?" என்று கேட்டார் பட்டறைக்காரர்.

"அவதான். எப்பவும் அவதான் ஓட்டுவா. நான் பக்கத்துல உக்காந்து போற ஆளு. ஜீப்பே அவளுக்காக வாங்கினதுதான். அண்ணனுக்குத் தெரிஞ்சா பொம்பளைக்கு எதுக்குன்னு திட்டும், சொல்லாதீங்கன்னு சொல்லியிருந்தா..."

மிச்சத்தைக் கேட்க அவர் அங்கே இல்லை. பச்சை ஜீப்பின் கொக்கி பிய்த்துக்கொண்டு வந்தால் பட்டையோடு சேர்ந்து முன்வண்டியின் பின்கண்ணாடிக்குத்தான் போகும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தலை. கையிலிருந்த தம்ளர் எங்கே போனது, செருப்பு எங்கே போனது, எதுவும் தெரியாமல் ஓடினார். "நிறுத்து! நிறுத்தும்மா!" என்று கத்தினார். என்ஜின் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்? மணலில் கிடந்த பட்டை எழுந்துகொண்டிருந்தது. அவர் பட்டைப் பக்கம் போகவில்லை, அவ்வளவு புத்தி மட்டும் மிச்சமிருந்தது. பக்கவாட்டில் சுற்றி ஓடி, நகர்கிற ஜீப்புக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு விழுந்தார்.

பிரேக் பிடித்த ஜீப் அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம்.

தங்கச்சி கதவைத் திறந்துகொண்டு குதித்தாள். பேன்ட் முழங்கால்வரை சேறு, தலையில் தொப்பி. "அண்ணே! பைத்தியமா உனக்கு? ஏத்தியிருப்பேன்! ஏத்தியிருப்பேன் தெரியுமா?"

அவர் எழுந்து பச்சை ஜீப்பைக் காட்டினார். பட்டை கொஞ்சம்தான் இறுகியிருந்தது, அதற்கே கொக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்து, பம்பர் தகடு பிளந்து வாயைத் திறந்திருந்தது. ஒரு போல்ட்டைக் காணவில்லை. டாக்டரம்மா இறங்கி வந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். விரலால் தொட்டதற்கே அது ஆடியது. வரிசையாக நின்ற வண்டிக்காரர்கள் எல்லாரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"இது என் பட்டறையில போட்டது" என்றார் பட்டறைக்காரர். "இழுக்குறதுக்கு ஆகாது. அழகுக்குப் போட்டது. நான் சொல்லலை. இங்க நிக்கிற வண்டியில இன்னும் மூணுல இதேதான் இருக்கு."

யாரோ ஒருவர் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னார். டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க வண்டியில?" என்று கேட்டாள் தங்கச்சி.

மாப்பிள்ளை பின்னாலேயே ஓடிவந்து நின்றிருந்தார். வேண்டாம் என்கிற மாதிரி மெல்லத் தலையை ஆட்டினார். பட்டறைக்காரர் அதைப் பார்த்தார். ஆனாலும் அந்தத் தயவை வாங்கிக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை.

"அதுலயும் இதான் போட்டேன். மாப்பிள்ளை கண்டுபிடிச்சு மாத்திட்டாரு."

தங்கச்சி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிலேயே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவள் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது.

"அவருக்குன்னு நெனச்சுத்தானே அப்படிப் போட்டே?"

அவர் கண் பிளந்த பம்பருக்குப் போனது.

"நான்தான் ஓட்டுறேன்னு தெரிஞ்சிருந்தா?"

இதற்காவது நல்ல பதில் இருக்கிறதே என்று அவர் அவசரமாகச் சொன்னார். "சத்தியமா சேஸிஸ்லதாம்மா போட்டிருப்பேன். உன் விஷயத்துல அப்படிப் பண்ணுவேனா?"

"அப்ப அவர் செத்தா பரவாயில்ல உனக்கு" என்றாள் தங்கச்சி.

பட்டறைக்காரர் அவளை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார். அப்படி இல்லை என்று சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஏனென்றால் அவள் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று அவருக்கே அகப்படவில்லை.

அவள் காத்திருக்கவில்லை. சேற்றில் முழங்காலிட்டு, பச்சை ஜீப்பின் பம்பருக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். "டாக்டர், உங்க சேஸிஸ்ல வண்டியோட வந்த பழைய வளையம் ஒண்ணு இருக்கு. இதுல மாட்டலாம். யாராவது ஒரு ஈரத் துணியை எடுத்துப் பட்டை மேல போடுங்க, பிய்ச்சுக்கிட்டாலும் பறக்காம அமுக்கும். எல்லாரும் பக்கவாட்டுல தள்ளி நில்லுங்க, பட்டை நீளத்துக்கு ரெண்டு மடங்கு." ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. பட்டறைக்காரர் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஒன்றுமே பாக்கி இல்லை.

எழுந்தவள் அவர் இன்னும் அங்கேயே நிற்பதைப் பார்த்தாள். "நீயும்தாண்ணே. தள்ளிப் போய் நில்லு."

அவர் தள்ளிப் போனார். எங்கே நிற்பது என்று தெரியவில்லை. கால் ஓரிடத்தில் நிற்கவும் மாட்டேனென்றது. வரிசையில் நின்ற வண்டிகளைப் பார்த்தார். எதில் எதில் தன் டம்மிக் கொக்கி என்று தெரிந்துகொள்ள அவர் எந்த மேட்டையும் தூக்க வேண்டியிருக்கவில்லை. முதல் வண்டிக்கு முன்னால் போய்ப் படுத்து, தலையை உள்ளே விட்டார். ஈர மணல் முதுகில் ஒட்டியது. கையில் ஸ்பேனர் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. கொக்கியின் போல்ட்டை விரலாலேயே திருகிக் கழற்றப் பார்த்தார்.

பக்கத்தில் யாரோ வந்து குந்தினார்கள். ஸ்பேனர் பை திறக்கிற சத்தம் கேட்டது.

"பன்னெண்டாம் நம்பர்தானே மச்சான்?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

படுத்தபடியே, அவர் முகத்தைப் பார்க்காமல், பட்டறைக்காரர் கையை நீட்டினார்.